எல்லையோரம் ஒரு வருக்கைப் பலா

காலை நேரத்தில் பாறசாலை ரயில் நிலையத்துக்கு வருகிறவர்கள் அங்கே இரண்டு மொழிகள் கேட்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். கேட்பது ஒன்றரை மொழி. "வண்டி லேட்டாக்கும்" என்று ஒருவர் சொன்னால் அது தமிழா மலையாளமா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு மொழியியல் பேராசிரியர் வர வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சர் நின்றதும் தோவாளைப் பூவின் வாசனை முதலில் இறங்குகிறது. மூட்டைகள் இறங்குவதில்லை, அவை திருவனந்தபுரம் போகிறவை. கரண்டியும் மட்டப்பலகையும் பையில் வைத்திருக்கும் கொத்தனார்கள், ஷிப்டுக்குப் போகும் நர்ஸ்கள், டிபன் டப்பாவுடன் அரசு அலுவலக ஊழியர்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் ஏறப்போகிறவர்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

கேரளத்தின் தெற்குக் கடைசி ரயில் நிலையம் இது. சாலை வழியே சில கிலோமீட்டர் போனால் இஞ்சிவிளை. அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. எல்லைக்கு இரு பக்கமும் ஊர்ப் பெயர்கள் 'விளை' என்றே முடிகின்றன. இரு பக்கமும் மரச்சீனிக்கு மரச்சீனி என்றுதான் பெயர். இன்னும் வடக்கே போனால்தான் அது 'கப்ப' ஆகிறது. எந்தப் பக்கத்தில் பெட்ரோல் மலிவு, எந்தப் பக்கத்தில் ரேஷன் அரிசி நல்லது என்ற கணக்குகள் தவிர, எல்லையைப் பற்றி இங்கே யாரும் அதிகம் யோசிப்பதில்லை.

யோசித்த காலம் ஒன்று இருந்தது. தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வீடு நின்ற பக்கத்தில் நின்றுவிட்டது. என் தாத்தாவுக்கு விளவங்கோடு பக்கம் மாறிப்போக வாய்ப்பு இருந்தும் போகவில்லை. மொழிக்காக ஊர்வலம் போன மனிதர், மண்ணை விட்டுப் போக மறுத்துவிட்டார் என்று அப்பா சொல்லுவார். அதைப் பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

நான் அந்த மண்ணை விற்க வந்திருந்தேன்.

மே மாதம். சக்கைப் பருவம். 27 ஆண்டுகளாகச் சென்னையில் நான்காவது மாடியில் வாழ்கிறவன் நான். அப்பா போன பிறகு பாறசாலை அருகேயுள்ள 22 சென்ட் நிலமும் ஓட்டு வீடும் என் பெயருக்கு வந்தன. அம்மாவுக்கு வயது 78. அவள் அங்கே தனியாக இருக்கிறாள். 'தனியாக' என்பது என் வார்த்தை. அடுத்த விளையில் பெரியப்பா மகன் இருக்கிறார், எதிரே இரண்டு வீடுகள், கிணற்றடியில் எப்போதும் யாராவது ஒருவர். நிலத்துக்கு நல்ல விலை சொல்லி ஒரு தரகர் வந்திருப்பதாக அண்ணன் போன் செய்தார். விற்று, பணத்தை வங்கியில் போட்டு, அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிடுவது என்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். நியாயமான தீர்மானம்தான். இதைப் படிக்கும் உங்களில் பலர் மும்பையிலோ டெல்லியிலோ பெங்களூரிலோ இருந்தபடி இதே தீர்மானத்தை எடுத்திருப்பீர்கள், அல்லது தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சிக்கல். அம்மா ஏற்கெனவே ஒருமுறை சென்னையில் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவள்.

அந்த எட்டு மாதத்தில் அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. தனி அறை, மின்விசிறி, மலையாள சானலும் தமிழ் சானலும் வரும் டி.வி., மாதம் ஒருமுறை டாக்டர். ஒரு நாள் ஊரிலிருந்து ரயிலில் வந்த சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வருக்கைப் பலாவின் சக்கை ஒன்றைச் சுமந்து வந்து கொடுத்தார். அம்மாவுக்கு அன்று கல்யாண வீட்டு உற்சாகம். கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தரையில் தினத்தாளை விரித்து அதைப் பிளந்தாள். மூன்று டப்பாக்களில் சுளைகளை அடுக்கி, எங்கள் தளத்திலுள்ள மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோனாள். முதல் வீட்டில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாங்க" என்று குரல் மட்டும் வந்தது. இரண்டாவது வீட்டில் சர்க்கரை வியாதியைக் காரணம் காட்டி மரியாதையாக மறுத்தார்கள். மூன்றாவது வீட்டுப் பெண் மலர்ந்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். பத்தே நிமிடத்தில் டப்பாவைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிஸ்கட் பொட்டலம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மா அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கணக்க தீத்துட்டாளே" என்றாள்.

அந்தப் பெண் செய்தது தவறே இல்லை. நகரத்து நாகரிகத்தின்படி அவள் செய்ததுதான் மிகச் சரி. ஆனால் எங்கள் ஊரில் பாத்திரம் அன்றே திரும்புவதில்லை. இரண்டு வாரம் கழித்து அதில் மரச்சீனி வரும், அல்லது பத்து முட்டை வரும், அல்லது பாத்திரம் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். இவர்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்று இங்கே தங்கியிருக்கும். யார் யாருக்குக் கடன் என்பது எப்போதும் தீராமல் இருக்கும். அந்தத் தீராமைக்குத்தான் அக்கம்பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பக் கேட்டபோது நான் காரணம் கேட்டேன். "அங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல மக்களே. ஆனா என்னைக் கொண்டு யாருக்கும் ஒரு ஆவசியமும் இல்ல" என்றாள்.

இந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் நான் தரகரைப் பார்க்க வந்திருந்தேன்.

இந்தப் பகுதியைக் 'கிராமம்' என்று சொல்லும்போது தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே நெருக்கியடித்த தெருக்கள் இல்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், தென்னைக்கும் அயினிக்கும் பலாவுக்கும் நடுவே, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வீடுகளுக்கு இடையே செம்மண் பாதை. ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. திருவனந்தபுரம் வரை இப்படியே தொடர்கிறது. கடைகளும் கான்கிரீட் வீடுகளும் மெதுவாகக் கூடிக்கொண்டே போய், ஏதோ ஓர் இடத்தில் நகரம் ஆகிவிடுகிறது. எனவேதான் இந்த ஊர்க்காரர்களுக்கு நகரத்தோடு ஒரு விசேஷமான ஏற்பாடு சாத்தியமானது: நகரத்தில் சம்பளம், ஊரில் சாப்பாடு.

1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது இதற்குப் பெரிய வசதி. என் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 31 ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் போய் வந்தவர். தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நிலையங்களின் பெயர்களை ஜெபம் போலச் சொல்லுவார். அவருடைய சகாக்கள் கரமனையிலும் பேட்டையிலும் வீடு கட்டினார்கள். பிறகு அந்த வீடுகளின் விலை எங்கேயோ போயிற்று. அண்ணன் கட்டவில்லை.

"வருத்தம் உண்டா அண்ணே?"

"எடே, சாயங்காலம் வண்டிய விட்டு எறங்கி நடந்து வரும்பம் ஏழு எட்டு பேரு என்னைக் கூப்பிடுவாங்க. ஒருத்தன் காயிதம் எழுதித் தரச் சொல்லுவான். ஒருத்தன் ரேஷன் கார்டு காரியம் கேப்பான். ஆபீசுல நான் நூத்துல ஒரு கிளார்க்கு. இங்க நான் சாரு."

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் சாயா கொண்டு வந்து வைத்த மதினி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு ஊரு பிடிக்கும். அதுக்கு 31 வருஷம் நாலு மணிக்கு எழும்பினது நானாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஊரில் வாழ்ந்த மகிழ்ச்சியை யார் அனுபவித்தார்கள், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை இத்தனை ஆண்டில் யாரும் அவரிடம் சாயாவோடு சேர்த்து வைத்ததில்லை போலும்.

அவர்களுடைய மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மூன்று பெண்களோடு சேர்ந்து வாடகைக்கு ஒரு வீடு. அன்று இரவு போனில் பேசினாள். "சித்தப்பா, அங்க நான் எப்ப வீட்ட விட்டு எறங்கினாலும் நாலு பேரு 'எங்க போற'ன்னு கேப்பாங்க. அன்பாத்தான் கேக்காங்க. ஆனா பதில் சொல்லணும்லா? இங்க எனக்கு வாடகை அதிகம், டிராபிக் மோசம், தண்ணி வராது. ஆனா என்னை யாரும் கேக்கமாட்டாங்க." அவள் குரலில் இருந்தது நிஜமான சந்தோஷம். என் அம்மாவை வாட்டிய அதே விஷயம், யாரும் கேட்காத அதே நான்காவது மாடி, இவளுக்கு விடுதலை.

ஜார்ஜ் சிம்மல் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் 1903-ல் பெருநகரமும் மனவாழ்வும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெர்லின்வாசி. நகரத்தில் ஓயாமல் வந்து மோதும் முகங்களிலிருந்தும் சத்தங்களிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள மனிதன் ஒரு ஓடு வளர்த்துக்கொள்கிறான், பக்கத்து வீட்டுக்காரரின் முகம்கூடத் தெரியாமல் வாழ்கிறான் என்றார். அதே நகரம்தான் சிற்றூரின் கண்காணிப்பிலிருந்து அவனை விடுவிக்கிறது என்றும் சொன்னார். அம்மா அந்த ஓட்டில் போய் மோதினாள். அண்ணன் மகள் அந்த விடுதலைக்குள் போய் உட்கார்ந்தாள்.

இதற்குப் பிற்காலத்தில் உளவியலாளர்கள் கணக்குப் போட்டும் பார்த்தார்கள். மனிதர்கள் எதை முக்கியம் என்று வைத்திருக்கிறார்கள் என்பதை வகை பிரித்துக் காட்டியவர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ்: அதிகாரம், சாதனை, சுதந்திரம், பாதுகாப்பு, மரபு, பிறர் நலம் என்று நீளும் பட்டியல். அவரும் லிலாக் சகிவும் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் வணிக நிர்வாகம் படிக்கும் மாணவர்களையும் உளவியல் படிக்கும் மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். அதிகாரத்தைப் பெரிதாக மதிப்பவர்கள் வணிக மாணவர்களுக்கு நடுவே நிறைவாக இருந்தார்கள். உளவியல் வகுப்பில் அப்படி இல்லை. ஒருவர் எதை மதிக்கிறார் என்பது மட்டும் போதாது, அதை மதிக்கிற ஆட்களுக்கு நடுவே இருக்கிறாரா என்பதும் சேர்ந்துதான் மனநிறைவைத் தீர்மானிக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மாநகரங்களை ஒட்டுமொத்தமாக வரிசைப்படுத்துகிறவர்களும் உண்டு. 2020-ம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை 186 நகரங்களில் ஹெல்சிங்கிக்கு முதலிடம் தந்தது; டெல்லிக்கு 180. டெல்லி வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் வாழ்க்கைக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் அது. ஆனால் இப்படிப்பட்ட வரிசைகளில் என் அம்மாவையும் அண்ணன் மகளையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள்.

தரகர் மறுநாள்தான் வருவதாகச் சொன்னார். ஒரு பகல் கையில் இருந்தது. நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினேன்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் ஒரு பழம் பலாமரத்தின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அம்மச்சிப்பிலாவு. எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களிடமிருந்து தப்பி ஓடிய மார்த்தாண்ட வர்மா, அரசராவதற்கு முன்பு, இந்த மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஐதீகம். 1729-ல் அரியணை ஏறிய பிறகு நன்றியாக இங்கே கோயில் எழுப்பினார் என்கிறார்கள். உயிரைக் காத்த மரத்துக்கு அம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேரள அரசு 2018-ல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. நாம் அதற்கு வெகுகாலம் முன்பே முக்கனியில் சேர்த்துவிட்டோம். எல்லையைத் தாண்டி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

அங்கிருந்து ஊருட்டுகாலவில் உள்ள மாதவி மந்திரத்துக்குப் போனேன். தமிழ் வாசகர்களுக்கு ஜி.ராமச்சந்திரனின் பெயரைக் காந்திகிராமத்தோடு சேர்த்துத்தான் தெரியும். திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியில் 1947-ல் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். ஆனால் அவர் நெய்யாற்றின்கரைக்காரர். 1904-ல் பிறந்தவர், கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார், 1995 ஜனவரியில் மறைந்தார்.

1924-ல் அவர் சாந்திநிகேதன் மாணவர். வயது 20. டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்து உடல் தேறிக்கொண்டிருந்த காந்தியைச் சந்தித்து, இந்த இளைஞர் கூச்சமில்லாமல் கேள்விகள் கேட்டார். அதில் ஒன்று யந்திரங்களைப் பற்றியது: எல்லா யந்திரங்களையுமே நீங்கள் எதிர்க்கிறீர்களா? இந்த உடம்பே நுட்பமான ஒரு யந்திரம், ராட்டையும் யந்திரம்தான், நான் எதிர்ப்பது யந்திரத்தின் மீதுள்ள வெறியை என்று காந்தி பதில் சொன்னார். சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்காக எடுத்துக்காட்டினார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பொறுக்க முடியாமல், அவள் மீதுள்ள அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார். பேராசை இருந்த இடத்தில் அன்பை வையுங்கள், மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் வாதம். (ஐசக் சிங்கரின் குடும்ப விவகாரங்களைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பு வரும். அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. காந்தியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.)

உதாரணம் சறுக்கினாலும் கேள்வி சறுக்கவில்லை. நகரமும் ஒரு யந்திரம்தான். அண்ணன் அதை 31 ஆண்டுகள் சம்பளத்துக்காகப் பயன்படுத்தினார், அதில் குடியேறவில்லை. நான் குடியேறினேன். எதற்காக? முதலில் வேலைக்காக, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக, பிறகு கடனில் வாங்கிய பிளாட்டுக்காக. பிளாட்டுக் கடன் அடைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எதற்காக என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டால், 'சௌகரியமாக' என்று சொல்வேன். அம்மாவின் டப்பாவில் பிஸ்கட் வைத்துக் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒன்பது ஆண்டுகளாக அவள் எதிர் வீடு.

ராமச்சந்திரனே நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே கோடு போட்டவர் அல்லர். 1940-ல் அவர் மணந்துகொண்ட சௌந்தரம், மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள், மருத்துவர். அந்தக் காலத்தில் அது சாதியின் கோட்டைத் தாண்டிய திருமணம். இருவரும் நகரத்துப் படிப்பை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனார்கள்.

சாதி என்று சொன்னதும் ஊர்ப் பெருமையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊரைவிட்டுப் போனவர்கள்தான் ஊரைப் பற்றி உருகி எழுதுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பாத்திரம் வீட்டுக்கு வீடு போய் வருகிற இந்த ஊர்களில், யார் வீட்டுப் பாத்திரத்தை யார் தொடலாம் என்பதற்குக் கடுமையான சட்டம் இருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859-ல் வந்த அரச அறிவிப்பு வரை அடிபட வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து சில கிலோமீட்டரில், நெய்யாற்றின் கரையில் இருக்கிறது அருவிப்புறம். 1888-ல் சிவராத்திரி இரவில் நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்த இடம். கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லாத சாதியில் பிறந்தவர், கோயிலையே நிறுவினார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரர்களாக வாழும் முன்மாதிரியான இடம் இது என்ற பொருள்பட அங்கே எழுதி வைத்தார். ஊரில் இருந்ததை அவர் வர்ணிக்கவில்லை. இல்லாததை எழுதி வைத்தார். அவருடைய குருமார்களில் ஒருவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழர். அவர் தவம் செய்தது குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலையில். இந்தப் பக்கத்தில் பெரிய காரியம் செய்த யாருமே ஒரு மாநிலத்துக்குள் அடங்குவதில்லை.

மதிப்பீடுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மகிழ்ச்சி தானாக வரும் என்று யாராவது சொன்னால், நெய்யாற்றின்கரை அதையும் நம்பவிடாது. 'ஸ்வதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை இந்த ஊரில் 1878-ல் பிறந்தவர். திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைத் தன் பத்திரிகையில் தாக்கி எழுதினார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகம் பறிமுதல் ஆயிற்று, ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். திருநெல்வேலி, சென்னை, பாலக்காடு என்று அலைந்து, 1916-ல் கண்ணூரில் இறந்தபோது வயது 37. அவருக்குச் சென்னை நகரம் பிழைக்க வந்த இடம் அல்ல. ஊருக்குத் திரும்ப முடியாததால் இருந்த இடம். எழுதாமல் இருந்திருந்தால் நெய்யாற்றங்கரையில் சுகமாக இருந்திருப்பார். அந்தச் சுகத்தை அவர் சுகமாக நினைத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும்போது பஸ் ஊர்ந்தது. கரமனை - களியக்காவிளை சாலையை அகலப்படுத்துவது ஆண்டுக்கணக்காக நடக்கும் காரியம். மேற்கே, கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை காரோடு வரை, அதாவது எல்லை வரை, வந்துவிட்டது. விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே மாதத்தில் பிரதமர் முறைப்படி திறந்து வைத்தார். நகரத்துக்குப் போவதா வேண்டாமா என்று நாங்கள் குடும்பத்தோடு யோசித்துக்கொண்டிருக்கும்போது, நகரம் கிளம்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. எங்கள் பாதையில் மட்டும் நான்கு பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் வளைகுடாவில். ஒரு வீட்டில் எழுபது வயதுத் தம்பதி மட்டும், கேமரா பொருத்திய வாசலுக்குப் பின்னால். அந்த வீட்டுக்கு அம்மா சக்கை கொண்டுபோனால் மணி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓடு இங்கேயும் வளரத் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை தரகர் வந்தார். களியக்காவிளைக்காரர், இரு மொழியிலும் விலை பேசுவார்.

"இனி இது திருவனந்தபுரம்தான் சாரே. அஞ்சு வருஷத்துல நீங்க இங்க ஒரு சென்ட் வாங்கணும்னு வந்தாலும் கிடைக்காது. கைல வாங்கிறவன் இருக்கும்பம் குடுத்துரணும்."

வாங்கப்போகிறவர் என்ன செய்வார் என்று கேட்டேன். வீட்டை இடித்துவிட்டு வாடகைக்கு எட்டு அறைகள் கட்டுவாராம். முன்பக்கம் இரண்டு கடை. அண்ணன் தன் விளையின் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்திருக்கலாம். 31 ஆண்டுகள் ஊரிலேயே இருந்ததற்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். மதினி அன்று சொன்னது அவருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாகவே எனக்குப் பட்டது. அன்று காலை சாயா போட்டு எடுத்து வந்தவர் அண்ணன்தான்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து சக்கை அறுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் எதுவும் மறைக்கவில்லை; முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"நீ வித்துக்கோ மக்களே. உன் அப்பன் உனக்குத் தந்தது. இந்த மரத்த மட்டும் முறிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கோ."

தரகர் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. "அம்மச்சி, ஆதாரத்துல நாலு எல்லை எழுதலாம், சர்வே நம்பர் எழுதலாம். மரத்துக்கு ஆயுசு எழுத வகுப்பு இல்ல."

"வகுப்பு இல்லன்னா வாயால சொல்லச் சொல்லு."

"வாங்கிறவன்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார் தரகர். கேட்கமாட்டார் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. முன்பணமாகக் கொண்டு வந்திருந்த உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நான் கையை நீட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "ஆலோசிச்சு விளிங்க" என்றார்.

அவர் எழுந்தபோது அம்மா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி நிறையச் சுளைகளைப் போட்டு மூடிக் கொடுத்தாள். பாத்திரத்துக்குப் பதில் இலையில் பொதிந்து தரச் சொன்னார் அவர். அம்மா கேட்கவில்லை. "பாத்திரம் பெறகு கொண்டாந்தாப் போதும்" என்றாள். அவர் தூக்குவாளியை ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார்.

நான் சென்னைக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. தரகர் இரண்டு முறை போன் செய்தார்; யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். நேற்று அம்மாவோடு பேசியபோது தூக்குவாளி இன்னும் திரும்பி வரவில்லை என்றாள். குறையாகச் சொல்லவில்லை.